எங்கள் சாச்சியும் 300 வருட வைத்திய வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். ஆண்களும் வாசியுங்கள், முக்கியமாக மகள்மார் இருக்கிற வாப்பாமார்.

போன மாதம் பாடசாலை விட்ட பிறகு ஒரு உம்மா என்னைத் தேடி வந்தார். ஊர், வகுப்பு ஒன்றும் சொல்லமாட்டேன். பிள்ளையின் அடையாளம் எனக்கு அமானிதம்.

"டீச்சர், புள்ளைக்கு நாலு மாசமா வரல்ல. உடம்பு வச்சதாலதான் வரல்ல எண்டு மாமி சொல்றா. இப்ப புள்ள ராவைக்குச் சோறு தின்றதே இல்ல."

பிள்ளை உம்மாவுக்குப் பின்னால் நின்றாள். ஸ்காஃபை நாடி மறையும்படி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கியது. எங்கள் சாச்சியும் முந்தானையை அப்படித்தான் இழுத்துவிடுவா.

சாச்சி உம்மாவின் தங்கச்சி. கிண்ணியாவில் கலியாணம் முடித்தவ. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. சாச்சியின் காலத்தில் திருகோணமலைக்கு வர "பாதை"யில்தான் ஏற வேண்டும். காலையில் பாதைக்குக் காத்திருந்து, பெரியாஸ்பத்திரிக்கு வந்து, வரிசையில் நின்று, பொழுதுபட வீட்டுக்குப் போவா. பிள்ளை இல்லை. மாதக் கணக்கில் வராது. வந்தால் நிற்காது. உடம்பு வைத்தது. நாடியில் முடி வந்தது, நூல் போட்டுப் பிடுங்குவா. ஊர் என்ன சொன்னது என்று நான் எழுதத் தேவையில்லை. "தின்டு தின்டு கொழுத்திட்டா, வயித்துல எப்பிடிப் புள்ள நிக்கும்" என்று அவவின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளை இரண்டாம் கலியாணம் செய்தார். சாச்சிக்கு நாற்பது வயதாகும் முன்பே சீனி வருத்தம் வந்துவிட்டது. அந்த வருத்தத்திலேயே மௌத்தாகிவிட்டா. அவவுக்கு இருந்தது இன்னதுதான் என்று ஒருவரும் பெயர் சொல்லவில்லை.

நான் வைத்தியர் இல்லை. வரலாறு படிப்பிக்கிறவள். ஆகவே இந்த நோயை நான் வரலாறாகத்தான் வாசித்தேன். வாசித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

இன்று இதைப் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். ஊரில் "நீர்க்கட்டி" என்பார்கள். சிலர் "கர்ப்பப்பைக் கட்டி" என்றும் சொல்வார்கள், அது பிழை. இதற்கும் கர்ப்பப்பைக்குள் வரும் கட்டிக்கும் தொடர்பில்லை. இது சூலகத்தோடு சம்பந்தப்பட்டது. சூலகத்திலும் உண்மையில் கட்டி எதுவும் இல்லை. மாதா மாதம் ஒரு முட்டை முற்றி வெளியே வர வேண்டும். அது பாதியில் நின்றுபோனால் சின்னச் சின்ன நீர்ப்பைகளாக அங்கேயே தங்கிவிடும். ஸ்கேனில் முத்துமாலை மாதிரித் தெரியும். அதைப் பார்த்துத்தான் கட்டி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரால் எல்லோரும் நீண்ட காலம் சூலகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1721இல் இத்தாலியில் அந்தோனியோ வலிஸ்னேரி என்ற அறிஞர் ஒரு குறிப்பு எழுதினார். கலியாணமான இளம் கிராமத்துப் பெண், கொஞ்சம் பருமன், பிள்ளை இல்லை, சூலகம் இரண்டும் புறா முட்டை அளவுக்குப் பெருத்து, வெள்ளையாக, மினுமினுப்பாக, மேடு பள்ளமாக இருந்தன என்று அதில் இருக்கிறது. இந்த நோயைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு இதுதான் என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், 300 வருடத்துக்கு முதலே பருமன், பிள்ளையின்மை, சூலகம் மூன்றும் ஒரே குறிப்பில் வந்துவிட்டன.

அடுத்து 1921. பாரிஸில் அஷார், தியேர் என்ற இரு வைத்தியர்கள் "தாடி வைத்த பெண்களின் நீரிழிவு" என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பே எவ்வளவு கொடுமை பாருங்கள். ஆனாலும் உள்ளே ஒரு பெரிய உண்மை இருந்தது. முகத்தில் முடி வளர்வதற்கும் சீனி வருத்தத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதை அவர்கள் கண்டுவிட்டார்கள். அதே 1921இல் கனடாவின் டொரோண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு துப்பும் ஒரே வருடத்தில் கிடைத்தன. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்னும் 59 வருடம் போனது.

1935இல் அமெரிக்காவின் சிகாகோவில் ஸ்டைன், லெவென்தால் என்ற இரு வைத்தியர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய் நின்றவர்கள், சூலகம் பெருத்தவர்கள், சிலருக்கு முகத்தில் முடி, சிலர் பருமன். எல்லோருமே பருமன் இல்லை, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சூலகத்தில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருத்தரித்தார்கள். உலகம் முழுக்க இந்த நோய்க்கு அந்த இருவரின் பெயரே பல காலம் இருந்தது. பிறகு நீண்ட காலம் அறுவைச் சிகிச்சைதான் பெரிய வழி. ஆனால் வெட்டிய இடம் உள்ளே ஒட்டிக்கொண்டு, அதுவே பிள்ளை நிற்கத் தடையாகிய பெண்களும் உண்டு. 1961இல் குளோமிஃபீன் மாத்திரையைப் பற்றிய செய்தி வந்தது. அதன் பிறகுதான் கத்தி இல்லாமலே முட்டை வெளிவர ஒரு வழி கிடைத்தது.

இவ்வளவு காலமும் வைத்தியர்கள் கண்ணால் கண்டதை வைத்தே எழுதினார்கள். பருமன், முடி, பெருத்த சூலகம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரத்தத்தில் ஓடும் ஓமோன் தெரியாது. ஒரு துளி இரத்தத்தில் அது இருக்கும் அளவு அவ்வளவு சிறியது. அதை அளக்க வழி கண்டவர்களில் ஒருவர் ஒரு பெண். நியூயோர்க்கைச் சேர்ந்த ரோசலின் யாலோ. தன்னோடு வேலை செய்த பெர்சனுடன் சேர்ந்து 1950களின் கடைசியில் இரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. மகள்மாரை விஞ்ஞானம் படிக்க விடலாமா என்று யோசிக்கிற பெற்றோர் இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவவின் முறை இல்லாவிட்டால் இனி நான் சொல்லப்போகும் ஒன்றுமே தெரிய வந்திருக்காது.

அளக்கத் தொடங்கியதும் கதை மாறியது. 1980இல் அமெரிக்காவில் பர்கன், கிவன்ஸ், கிட்டாப்சி மூவரும் இந்தப் பெண்களின் இரத்தத்தை அளந்தார்கள். ஆண் ஓமோன் என்று நாம் சொல்லும் டெஸ்டோஸ்டிரோன் போன்றவை கூட இருந்த பெண்களுக்கு இன்சுலினும் கூட இருந்தது. ஒன்று ஏற மற்றதும் ஏறியது. 1921இன் இரண்டு துப்பும் அங்கேதான் சந்தித்தன.

விஞ்ஞானப் பாடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெண்களின் உடம்பிலும் கொஞ்சம் ஆண் ஓமோன் உண்டு. அதில் ஒரு பங்கைச் சூலகமே செய்கிறது. அது இயற்கை, வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் சாப்பிட்டதும் வரும் சீனியை உடம்பின் கலங்களுக்குள் அனுப்புவது இன்சுலின். சிலருடைய உடம்பு இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை. அப்போது கணையம் இன்னும் கூட இன்சுலினைச் சுரக்கும். அந்த மிஞ்சிய இன்சுலின் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சூலகத்தை உசுப்பி ஆண் ஓமோனைக் கூடச் செய்ய வைக்கிறது. இரண்டு, ஆண் ஓமோனைக் கட்டிப் பிடித்து வைக்கிற ஒரு புரதம் ஈரலில் உண்டாகிறது, அதைக் குறைத்துவிடுகிறது. கட்டு அவிழ்ந்த ஓமோன் இரத்தத்தில் சுதந்திரமாகத் திரிகிறது. அதனால்தான் முகத்தில் முடி, பரு, தலைமுடி உதிர்வு. அதனால்தான் முட்டை முற்றாமல் பாதியில் நிற்கிறது. முட்டை வராவிட்டால் மாதவிடாயும் ஒழுங்காக வராது.

இதில் உடல் நிறை எங்கே வருகிறது? உடம்பு வைத்தால், அதிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால், உடம்பு இன்சுலினின் சொல்லை இன்னும் குறைவாகக் கேட்கும். இன்சுலின் இன்னும் ஏறும். ஆண் ஓமோனும் ஏறும். இன்சுலின் கூடிய உடம்பில் கொழுப்பு சேர்வதும் லேசு. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் சாச்சி "தின்டு கொழுத்ததால்" நோய் வந்ததா, நோய் இருந்ததால் உடம்பு வைத்ததா? ஊர் முதலாவதை மட்டும் தெரிந்துகொண்டு பேசியது.

1989இல் நியூயோர்க்கில் ஆண்ட்ரியா டுனைஃப் என்ற பெண் வைத்தியரின் குழு இன்னும் ஒன்றைக் காட்டியது. இந்த நோய் உள்ள மெலிந்த பெண்களின் உடம்பும் இன்சுலினின் சொல்லைக் கேட்பது குறைவு. அதாவது பருமன் இந்தக் குறையைக் கூட்டுகிறது, ஆனால் பருமன் இல்லாமலும் இது இருக்கும். குடும்பத்தில் பரம்பரையாகவும் வரும். "மெலிஞ்ச புள்ளைக்கு இது வராது" என்று நாம் சொல்வதும் பிழை, "குண்டுப் புள்ளை, அவள்ட பிழைதான்" என்பதும் பிழை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

பேராசிரியர் சந்திரிகா விஜேரத்னவின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். அவரும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர வைத்தியர்களும் சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த நோய் உள்ள தெற்காசியப் பெண்களையும் வெள்ளைக்காரப் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு இளவயதிலேயே அறிகுறி வருகிறது, கடுமையாக வருகிறது, வெறும் வயிற்றில் இன்சுலினும் கூடுதலாக இருக்கிறது. ஆண் ஓமோனைக் கட்டிவைக்கும் அந்தப் புரதம் குறைவாக இருக்கிறது.

2005, 2006இல் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான சுமார் 3000 பெண்களிடம் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். 2008இல் வெளிவந்த முடிவின்படி 100 பேரில் 6 பேருக்கு மேல், சரியாகச் சொன்னால் 6.3 வீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. மொத்தம் 183 பேர். அவர்களில் 19 பேருக்குத்தான் முன்பே தெரியும். மற்ற 164 பேரும் அந்த ஆய்வில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள். இந்த இடத்தை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். எங்கள் சாச்சி மாதிரி 164 பேர், ஒரு மாவட்டத்தில் விசாரித்த அளவிலேயே. நம் மாவட்டத்தில் ஒரு வகுப்பில் 35 பெண் பிள்ளைகள் இருந்தால், அதே கணக்கில் இரண்டு பேர்.

நம் ஊரின் சாப்பாட்டு வரலாற்றையும் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா அரிசி வருவது நின்றது. அடுத்த மாதம் 9ஆம் திகதி நம் துறைமுகத்தின் மேலேயே குண்டு போட்டார்கள், அந்தக் கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அரிசித் தட்டுப்பாட்டில் கூப்பனுக்குக் கோதுமை மாவு கொடுத்தார்கள். பாணும் ரொட்டியும் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். 1980இல் சீனக்குடாவில் பெரிய மாவு ஆலை இயங்கத் தொடங்கியது. எத்தனையோ குடும்பத்துக்கு அது சோறு போட்டது. நான் மாவைக் குறை சொல்ல வரவில்லை. மாவால் இந்த நோய் வந்தது என்றும் சொல்லவில்லை. ஆனால் உம்மும்மா காலத்தில் நெல்லுக் குத்தினார்கள், தண்ணீர் சுமந்தார்கள், எங்கேயும் நடந்தே போனார்கள். இன்று காலையில் பணிஸ், பின்னேரம் ரோல்ஸ், இரவில் கொத்து. பிள்ளை டியூஷனுக்கும் ஓட்டோவில்தான் போகிறது. பரம்பரையில் விதை இருக்கிற உடம்புக்கு இந்த வாழ்க்கை தண்ணீர் ஊற்றுகிறது. நோன்பு காலத்தில் பகல் முழுக்கப் பசித்திருந்துவிட்டு, நோன்பு திறந்ததும் பொரித்ததும் சர்பத்துமாக நிரப்புவதும் அப்படித்தான்.

இனி நல்ல செய்தி. 1995இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. பருமனாக இருந்து, முட்டை வெளிவராமல், பிள்ளைக்காக ஏங்கிய 13 பெண்கள். ஆறு மாதம் ஒன்றாகக் கூடி உடற்பயிற்சியும் அளவான சாப்பாடும், மனதுக்கு ஆறுதலான பேச்சும். சராசரியாகக் குறைந்தது 6.3 கிலோதான். 12 பேருக்கு முட்டை வெளிவரத் தொடங்கியது. 11 பேர் கருத்தரித்தார்கள். அவர்கள் ஒருவரும் மெலிந்து கொடியாகவில்லை, பருமனாகவே இருந்தார்கள். இது சின்ன ஆய்வுதான், ஆனால் பிறகு வந்தவையும் அதே பக்கம்தான் காட்டின. பருமனாக உள்ளவர்கள் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைத்தாலே இன்சுலின் இறங்குகிறது, கட்டிவைக்கும் புரதம் கூடுகிறது, சுதந்திரமாகத் திரியும் ஆண் ஓமோன் குறைகிறது. 80 கிலோ உள்ள ஒருவருக்கு அது 4 முதல் 8 கிலோ. படத்தில் வரும் நடிகை மாதிரி ஆகத் தேவையே இல்லை.

ஆனால் பட்டினி கிடப்பது இதற்கு வழி இல்லை. வளரும் பிள்ளை சாப்பாட்டை நிறுத்தினால், அதனாலேயே மாதவிடாய் நிற்கும். பிறகு எது எதனால் என்றே தெரியாமல் போய்விடும்.

உம்மாமார் கவனிக்க வேண்டியவை:

1. வயதுக்கு வந்த முதல் வருடம் மாதவிடாய் முன்னே பின்னே வருவது இயல்பு. மூன்று வருடம் கழிந்த பிறகும் 35 நாளைத் தாண்டியே வந்தால் காட்ட வேண்டும். முதல் வருடத்துக்குப் பிறகு எப்போதாவது 90 நாள் வராமல் விட்டாலும் காட்ட வேண்டும்.

2. சின்னப் பிள்ளைகளை ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும் வரை ஸ்கேன் படத்தை வைத்து இந்த நோயை முடிவு செய்ய வேண்டாம் என்று 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. அந்த வயதில் நல்ல சூலகமும் அப்படித் தெரியும். இரத்தத்தில் ஓமோனை அளப்பதும், தைரொயிட், சீனி பார்ப்பதும் வைத்தியர் தீர்மானிப்பது.

3. கழுத்தின் பின்பக்கமும் கமக்கட்டும் கறுத்து, தோல் தடித்திருந்தால் அது அழுக்கு இல்லை. தேய்த்துக் கழுவச் சொல்லிப் பிள்ளையைத் திட்டாதீர்கள். இன்சுலின் கூடியிருப்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம்.

4. நம் தெற்காசிய உடம்புக்கு அளவு வேறு. இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் பெண்கள் கவனிக்க வேண்டும்.

5. "கலியாணம் முடிச்சா சரியாகும்" என்பது வைத்தியம் இல்லை. இது பிள்ளை பெறுவதோடு முடிகிற விஷயமும் இல்லை. மாதக் கணக்கில் வராமல் விட்டால் கர்ப்பப்பையின் உள்படை தடிக்கும், காலம் போனால் அது ஆபத்து. சீனி வருத்தமும் முந்தி வரும். சாச்சிக்கு வந்த மாதிரி.

6. வைத்தியர் தந்த மாத்திரையைப் பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு நிறுத்த வேண்டாம். "கட்டி கரைக்கும்" கசாயம் என்று விற்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். கரைக்க அங்கே கட்டி இல்லை.

நம் நாட்டில் சுவநாரி கிளினிக் 1996இல் தொடங்கியது. நல்ல திட்டம். 35 வயது தாண்டிய தாய்மார் கட்டாயம் போக வேண்டும், காசும் இல்லை. ஆனால் இந்த நோய் 15, 16 வயதில் தொடங்குகிறது. 35 வரை காத்திருந்தால் இருபது வருடம் போய்விடும். ஆகவே 10ஆம் தரத்தில் பாடசாலைக்கு வைத்தியப் பரிசோதனைக்கு வரும்போது பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்கு வீட்டில் உம்மா முதலில் கேட்டிருக்க வேண்டும். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடமும், எம்.ஓ.எச். பணிமனையிலும் கேட்கலாம். இன்று பாதைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை.

வாப்பாமாருக்கும் மாப்பிள்ளைமாருக்கும் ஒரு சொல். பொழுதுபட்ட பிறகு மனைவியையும் மகளையும் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப் போங்கள். நாலு பேர் பார்ப்பார்கள் என்று வெட்கப்படாதீர்கள். அடிலெய்டில் அந்தப் பெண்களுக்கு உதவியது கூட்டாகச் செய்ததுதான்.

அந்த உம்மாவிடம் இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. "மாமிட்டச் சொல்லுங்க, இது புள்ளைட பிழை இல்ல" என்றேன். சாச்சியின் கதையைச் சொன்னேன். பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "அவங்களுக்கும் இங்க முடி இருந்திச்சா டீச்சர்?" என்று நாடியைத் தொட்டுக் கேட்டாள்.

போன கிழமை கிளினிக்கில் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் ராவைக்குச் சோறு தின்கிறாள் என்று உம்மா சொன்னார்.

எங்கள் சாச்சிக்காக துஆ செய்யுங்கள். இதை வாசித்தவர்கள் வீட்டில் இருக்கிற ஒரு பெண் பிள்ளைக்காவது வாசித்துக் காட்டுங்கள்.